பெல்லெக்ரீனோ மலைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

லண்டனிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "செப்டம்பர் முதல் கிழமை அம்மாவோடு சிசிலிக்கு வருகிறோம். பலெர்மோவில் இருக்கும் சொந்தக்காரர் எல்லாரும் பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரொசாலியா கோயிலுக்குக் கட்டாயம் போகச் சொல்கிறார்கள். நாங்கள் சைவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு குகையும் ஒரு சுருவமும் தானே, அதற்காக மலை ஏற வேண்டுமா? போனால் அங்கே என்ன பார்க்க வேண்டும்?"

கட்டாயம் போங்கள். நான் இந்த ஊருக்கு வந்து 25 வருடத்துக்கு மேலாகிறது. அந்த மலைக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு குகையும் ஒரு சுருவமும் தான் என்பது உண்மை. ஆனால் அந்தக் குகைக்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் எதையோ கேட்டு, கிடைத்ததும் கொண்டுவந்து வைத்தது. அந்த எண்ணத்தோடு உள்ளே போனால் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் அம்மாவின் முழங்கால். மலையின் உச்சி 606 மீட்டர். கோயில் இருப்பது அவ்வளவு உயரத்தில் இல்லை, சுமார் 430 மீட்டரில். நகரத்திலிருந்து கோயில் முற்றம் வரை வாகனப் பாதை இருக்கிறது. நகரப் பஸ்ஸும் போகும், டாக்சியும் போகும். முற்றத்தில் மெழுகுதிரி, ஜெபமாலை, சின்னச் சுருவங்கள் விற்கும் கடைகள் இருக்கும். அங்கிருந்து கோயில் முகப்புக்கு ஒரு படிக்கட்டு ஏற வேண்டும். கையைப் பிடித்து, நடுவில் நின்று நின்று ஏற்றினால் போதும். இது கல் உருளும் சுண்ணாம்புப் பாறை மலை. அதனால் பாதையை மூடி வைத்திருக்கும் காலங்களும் உண்டு. தங்குமிடத்தில் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் உள்ளே போகலாமா என்ற கேள்விக்கு, ஒரு ஞாயிறு காலையில் அங்கே போய் நின்றால் கேட்காமலே பதில் கிடைக்கும். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலெர்மோவில் குடியேறத் தொடங்கினார்கள். வந்த நாளிலிருந்தே கத்தோலிக்கரும் சைவரும் சேர்ந்துதான் இந்த மலைக்குப் போகிறார்கள். நெற்றியில் திருநீறோடு மெழுகுதிரி கொளுத்தும் ஆட்களைப் பார்ப்பீர்கள். இத்தாலியர் சிலருக்கு இது புதினமாக இருந்தது. இதை ஆராய்ச்சி செய்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு இதில் என்ன புதினம்? இலங்கையில் காட்டு நடுவே இருக்கும் மடு மாதாவிடம் எங்கள் சனம் சமயம் பார்த்தா போனது? காடு, நடை, நேர்த்தி, ஒரு தாய். அதே பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இங்கே ஒரு மலையும் ஒரு குகையும் அதற்குள் ஒரு பெண்ணும் கிடைத்தார்கள்.

சரி, அந்தப் பெண் யார் என்று தெரியாமல் போகாதீர்கள். ரொசாலியா 12ஆம் நூற்றாண்டில், நோர்மன் அரசர்கள் சிசிலியை ஆண்ட காலத்தில், உயர்குடியில் பிறந்தவள் என்பது மரபு. அரண்மனை வாழ்வை விட்டு, முதலில் குவிஸ்குவினா என்ற உள்நாட்டு மலையில் ஒரு குகையிலும், பிறகு பலெர்மோவுக்கு மேலே இந்தக் குகையிலும் தனியாகத் தவமிருந்து இறந்துபோனாள். குவிஸ்குவினாக் குகையில் அவள் பெயரில் ஒரு லத்தீன் கல்வெட்டு இருக்கிறது: குவிஸ்குவினாவின் தலைவன் சினிபால்தோவின் மகள் ரொசாலியாவாகிய நான், என் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் மேல் கொண்ட அன்பினால் இந்தக் குகையில் வாழத் தீர்மானித்தேன் என்று. ஒரு பெண் தன் பெயரைச் சொல்லி, தகப்பன் பெயரைச் சொல்லி, இது என் தீர்மானம் என்று அறிவிக்கிற வரி அது. எனக்கு அந்தக் கடைசிச் சொல் மிகவும் பிடிக்கும்.

அதன் பிறகு ஏறக்குறைய 450 வருடம் அவள் பெரிதாகப் பேசப்படவில்லை. பலெர்மோவுக்குக் காவல் தெய்வங்களாக வேறு நான்கு கன்னியர் இருந்தார்கள்: அகதா, கிறிஸ்தினா, நின்ஃபா, ஒலிவா. ஊர் நடுவில் குவாத்ரோ காந்தி என்ற நாற்சந்தியின் நான்கு மூலைகளிலும் மேல் தட்டில் நிற்பது அவர்கள் தான்.

1624 மே மாதம் துனிசிலிருந்து ஒரு கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. அதோடு கொள்ளைநோயும் இறங்கியது. ஸ்பெயின் மன்னருக்காகச் சிசிலியை ஆண்ட அரசப் பிரதிநிதி எம்மானுவேலே ஃபிலிபெர்த்தோவே ஆகஸ்ட் 3ஆம் திகதி அந்த நோயில் போய்விட்டார். இதற்கிடையில் ஜிரோலமா கத்தோ என்ற நோயாளிப் பெண் கண்ட காட்சியை நம்பி மலைக் குகையில் தோண்டினார்கள். ஜூலை 15ஆம் திகதி கல்லோடு கல்லாக இறுகிய எலும்புகள் கிடைத்தன. பேராயர், கர்தினால் ஜியான்னெத்தினோ தோரியா, உடனே நம்பிவிடவில்லை. வைத்தியர்களையும் இறையியலாளர்களையும் கூப்பிட்டுப் பரிசோதிக்கச் சொன்னார். மாதங்கள் போயின.

அடுத்த வருடம் பெப்ரவரியில் வின்சென்சோ பொனெல்லி என்ற சவர்க்கார வியாபாரி, இளம் மனைவியைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, உயிரை விடுகிற எண்ணத்தோடு இந்த மலைக்கு ஏறினார். வழியில் ஒரு பெண் அவரை மறித்துக் குகைக்குக் கூட்டிப் போனாள். கிடைத்த எலும்புகள் என்னுடையவை, ஊர்வலமாகக் கொண்டுபோகச் சொல் என்றாள். நீயும் சீக்கிரம் இறப்பாய், அதுவே நான் சொன்னதற்கு அடையாளம் என்றாள். அவர் இறங்கிவந்து நோயில் விழுந்து, குருவானவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இறந்தார். 1625 ஜூன் 9ஆம் திகதி எலும்புகள் ஊர்வலமாக வீதிகளில் போயின. நோய் தணிந்தது. பழைய நால்வரும் பின்னுக்குப் போக, ரொசாலியா ஊருக்குத் தலைவியானாள்.

ஒரு சவர்க்காரக்காரரின் சொல்லை ஒரு கர்தினால் கேட்டார் என்பதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. பலெர்மோக்காரர் அவளைப் 'புனித' என்று நீட்டி அழைப்பதில்லை, 'சாந்துத்சா' என்கிறார்கள். எங்கள் குட்டிப் புனிதை என்ற மாதிரி. வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் சொல்.

இப்போது குகைக்கு வாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் 17ஆம் நூற்றாண்டுக் கோயில் முகப்பு ஒன்று பாறையில் ஒட்டவைத்தது போல நிற்கும். வாசலைத் தாண்டினால் ஒரு முன்கூடம். அதைத் தாண்டியதும் கூரை இல்லை; பாறைச் சுவர்களுக்கு நடுவே வானம் தெரியும். அதற்கும் அப்பால் இரும்புக் கம்பி வேலி, அதற்குள் குகை. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. அப்படியே நில்லுங்கள், அவசரப்பட வேண்டாம். முதலில் காது வேலை செய்யும்.

சொட்டுச் சத்தம். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர் குகைக் கூரையிலிருந்து ஓயாமல் ஒழுகும். அந்த நீர் பீடத்திலும் சனத்தின் தலையிலும் விழாதபடி கூரை முழுவதும் உலோகப் பீலிகள் பொருத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஓட்டுக் கூரைக்கு வைக்கும் பீலி நேராக இருக்கும். இங்கே பாறை போகிற போக்கில் மடிந்து, வளைந்து, ஒன்றின் வாயில் இன்னொன்று முட்டி, மின்னல் கீறியது போலக் கூரையெங்கும் ஓடுகின்றன. ஒழுகும் இடம் மாறினால் ஒரு துண்டு கூட்டி, இன்னொரு துண்டு வளைத்து, யாரும் முன்கூட்டித் திட்டம் போட்டு வரையாத ஒரு வடிவம் அது. சேரும் நீரை வீணாக்குவதில்லை. அது அவளுடைய நீர், நோய் தீர்க்கும் என்று நம்பி எடுப்பார்கள். ஜிரோலமா கத்தோவின் கதையிலும் குணம் வந்தது இந்தக் குகை நீரைக் குடித்துத்தான்.

என் அம்மா முதல் முறை வந்தபோது வேலியருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கண் பழகுவதற்கு முன்னே, "வெளியில மழை பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டார். ஒவ்வொரு பீலியும் ஒவ்வொரு சுருதியில் சொட்டும். அண்ணாந்து பார்த்ததும் சிரித்துவிட்டு, "இந்த அம்மாவின்ர வீடும் ஒழுகுதே" என்றார். எங்கள் பழைய வீட்டுக்கு மாரி காலத்தில் வாளி வைத்த மனுஷி அவர். அந்தக் கணத்திலிருந்து ரொசாலியா அவருக்குத் தெரிந்த ஆள்.

ஜெர்மன் கவிஞர் கோய்தே 1787 ஏப்ரலில் இங்கே ஏறிவந்தார். அப்போது பீலிகள் ஈயத்தில் செய்து பச்சை பூசியிருந்தனவாம். குகைக்குள் பெரிய கள்ளிச்செடி முளைத்துப் படர்ந்தது போல இருந்தது என்று எழுதினார். கத்தோலிக்கப் பக்தியில் வளர்ந்தவரல்ல அவர். ஆனாலும் பீடத்தின் முன் மண்டியிட்டு, பித்தளைக் கம்பி வேலைப்பாட்டின் துவாரங்கள் வழியே உள்ளே பார்த்து, எழும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். அவர் பார்த்ததைத்தான் நீங்களும் பார்க்கப் போகிறீர்கள், கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் அந்தப் பீடம். அதன் கீழே கண்ணாடிக்குள் ரொசாலியா படுத்திருக்கிறாள். 17ஆம் நூற்றாண்டில் கிரெகோரியோ தெதெஸ்கி என்ற புளோரன்ஸ் நகரச் சிற்பி வெள்ளைப் பளிங்கில் செதுக்கியது. மேலே போர்த்தியிருக்கும் பொன் ஆடை பின்னால் வந்தது, பூர்பன் வம்சத்து மன்னர் சார்ல்ஸ் கொடுத்த காணிக்கை. அவர் 1735இல் பலெர்மோவில் முடிசூடியவர். ஆக, வெளியே தெரிகிற பளிங்கு முகமும் கைகளும்தான். மற்றதெல்லாம் பொன். முதல் பார்வைக்கு ஆடைதான் கண்ணைப் பறிக்கும், படம் எடுக்கிறவர்களும் அதைத்தான் எடுப்பார்கள். குனிந்து முகத்தைப் பாருங்கள். கண் பாதி மூடியிருக்கும். தலை வலது கையில் சாய்ந்திருக்கும். உறக்கமா, மயக்கமா, உயிர் பிரிகிற நேரமா என்று சொல்ல ஏலாது. பக்கத்தில் ஒரு சின்னத் தேவதூதன் லீலி மலர்த் தண்டோடு இருக்கிறான். அவன் அவளுக்கு விசிறிவிடுகிறான் என்று கோய்தே கண்டுகொண்டார். அதைப் படித்த பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. காய்ச்சலில் கிடக்கிற அக்காவின் பக்கத்தில் இருக்கிற தம்பி மாதிரி.

கொள்ளைநோயில் வீட்டுக்கு வீடு ஆட்களைப் பறிகொடுத்த ஊருக்காகச் செய்த சுருவம் இது. நின்று ஆசீர்வதிக்கிற ராணியாக அவளைச் செதுக்கியிருக்கலாம். கிடக்கிற ஒருத்தியாகச் செதுக்கினார்கள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் வந்தவர் யாரானாலும் குனிந்தாக வேண்டும், நோயாளியின் கட்டிலருகே குனிவது போல. நான் பார்த்த எத்தனையோ பளிங்குச் சிலைகளில் இதுபோல ஆளை அருகே இழுக்கிற இன்னொன்றை நான் காணவில்லை.

அப்புறம் காணிக்கைகள். இதற்குக் கொஞ்சம் நேரம் வையுங்கள், பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். வெள்ளித் தகட்டில் அடித்த கண், கால், கை, மார்பு, இதயம், தொட்டில் குழந்தை. நம் கோயில்களில் கண்மலர் போடுகிறோமே, அதே நேர்த்தி, அதே வெள்ளி. சிலவற்றில் மூன்று எழுத்து மட்டும் பொறித்திருக்கும்: 'பெர் கிராத்சியா ரிச்செவூத்தா' என்பதன் முதல் எழுத்துகள். பெற்ற அருளுக்காக என்று அர்த்தம். தட்டார் அச்சில் அடித்த எளிய வேலைதான். ஆனால் ஒரு வெள்ளிக் காலைப் பார்த்தால், யாரோ ஒருவர் நடக்க முடியாமல் கிடந்து, பிறகு இந்த மலையை நடந்து ஏறியிருக்கிறார் என்று தெரியும். உங்கள் அம்மா இதற்கு முன் கொஞ்ச நேரம் நிற்பார் என்று நினைக்கிறேன். நிற்க விடுங்கள்.

ரொசாலியாவுக்குப் படம் வரைந்து முகம் கொடுத்தவரின் கதை நகரத்துக்குள் தொடர்கிறது. அந்தோனி வான் டைக் என்ற ஃபிளெமிஷ் ஓவியர் 1624இல் அரசப் பிரதிநிதியை வரைவதற்காகப் பலெர்மோ வந்தவர், வயது 25. வந்த இடத்தில் கொள்ளைநோய். அழைத்தவரே இறந்துவிட்டார். அந்த நாட்களில்தான் மலையில் எலும்புகள் கிடைத்தன. கிடைத்த கன்னிக்கு ஊரார் மனதில் பதிந்த உருவம் எதுவும் அதுவரை இல்லை. நீண்ட பொன்னிறக் கூந்தல், பழுப்பு நிறத் துறவாடை, ரோசாப்பூ முடி, பக்கத்தில் மண்டையோடு என்று இன்று நீங்கள் முற்றத்துக் கடையில் வாங்கும் சின்னப் படம் வரை இருக்கிற அந்த வடிவத்தைப் பரப்பியவர் பெருமளவு அவர்தான். அவர் வரைந்த ரொசாலியா ஓவியங்களில் ஒன்று இப்போது நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேவதூதர்கள் அவளை மேலே தூக்க, கீழே பலெர்மோத் துறைமுகமும் இதே மலையும் தெரியும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அந்தத் துணியில் அடியில் ஓவியர் தன் முகத்தையே வரைந்து பாதியில் விட்டிருந்தது தெரியவந்தது. தன் முகத்தை மறைத்து அதன் மேல் அவளை வரைந்திருக்கிறார். துணித் தட்டுப்பாடாக இருந்திருக்கலாம். இருந்தாலும் நோய் சூழ்ந்த ஊரில் இருந்த ஓர் இளைஞன் அப்படிச் செய்தான் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவருடைய ஒரு பெரிய படைப்பு பலெர்மோவிலேயே இருக்கிறது. சான் தொமேனிக்கோ கோயிலுக்குப் பின்னால் ஜெபமாலைச் சபையின் சிற்றாலயம் ஒன்று உண்டு. பீடத்தில் ஜெபமாலை மாதா ஓவியம். இங்கே ஒப்பந்தமாகி, அவர் ஜெனோவாவுக்குப் போய் முடித்து அனுப்பியது. மாதா ஜெபமாலையைக் கொடுக்க, கீழே புனித தொமினிக்கும் ரொசாலியா உள்ளிட்ட பலெர்மோவின் கன்னியரும். எல்லாரும் மேலே பார்க்கும்போது கீழே ஒரு சின்னப் பையன் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடப் பார்ப்பான். பக்கத்தில் மண்டையோடு. கொள்ளைநோயின் நாற்றம் அது. அவ்வளவு அழகுக்கு நடுவில் அந்த நாற்றத்தையும் வரைந்துவிட்டார். சுற்றுச்சுவரெல்லாம் ஜாக்கொமோ செர்போத்தா செய்த வெள்ளைச் சுண்ணச் சிற்பங்கள். அவற்றுக்குத் தனியாகவே ஒரு மணி நேரம் வேண்டும். மலைக்குப் போன அன்றே பின்னேரம் இங்கேயும் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பேசும். ரொசாலியாவின் எலும்புகள் இருக்கும் வெள்ளிப் பேழை பேராலயத்தில் இருக்கிறது, போகிற வழியில் பார்க்கலாம்.

நீங்கள் வருவது செப்டம்பர் முதல் கிழமை என்பதால் இதையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 4 அவளுடைய நாள். 3ஆம் திகதி இரவு ஊர் முழுக்க மலை ஏறும். அதை சிசிலி மொழியில் 'அக்கியனாத்தா' என்பார்கள், ஏற்றம் என்று அர்த்தம். ஜூலை 14 இரவு நடக்கும் 'ஃபெஸ்தினோ' வேறு. அது நகரத்தின் கொண்டாட்டம்: பெரிய தேர், வாணவேடிக்கை, நத்தைக் கறி, வத்தகைப் பழம், நகரபிதா தேரில் ஏறி "பலெர்மோவும் சாந்தா ரொசாலியாவும் வாழ்க" என்று கத்துவது. அக்கியனாத்தாவில் அந்த ஆரவாரம் இல்லை. மலையடிவாரத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டுக் கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. சிலர் வெறுங்காலோடு ஏறுவார்கள். முழங்காலில் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளையைத் தோளில் வைத்த தகப்பன், போத்தல் தண்ணீரோடு இளம் பெடியள், ஜெபமாலை சொல்லும் கிழவிகள், அவர்களுக்கிடையில் எங்கள் ஆட்கள். கல் பலரின் கால் பட்டு வழுவழுத்துப் போயிருக்கிறது, பனி இறங்கினால் வழுக்கும். நல்ல சப்பாத்தும் ஒரு ரோச் லைட்டும் வேண்டும். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணித்தியாலம்.

அம்மாவை அந்த இரவு கூட்டிப் போகாதீர்கள், கூட்டத்தில் அவருக்கு உட்காரவும் இடம் கிடைக்காது. நீங்கள் மட்டும் 3ஆம் திகதி இரவு நடந்து ஏறுங்கள். அம்மாவை அதற்கு முன் ஒரு சாதாரண வார நாள் காலையில் பஸ்ஸில் கொண்டுபோங்கள். தோளை மூட ஒரு சால்வை எடுங்கள், கோயில் மரியாதைக்கும் ஆகும், குகைக் குளிருக்கும் ஆகும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈரமும் குளிரும்தான். பூசை நடந்தால் முடியும் வரை பின்னால் இருந்துவிட்டு, பிறகு பீடத்தருகே போங்கள். தரை நனைந்திருக்கும், அம்மா செருப்பைக் கழற்றினால் கையை விடாதீர்கள்.

வெளியே வந்ததும் முற்றத்தில் ஒரு கோப்பி குடித்துவிட்டு, நேரம் இருந்தால் கடலைப் பார்த்து நிற்கும் ரொசாலியாவின் பெரிய சிலை வரை வாகனத்தில் போகலாம். கீழே நீலக் கடலும் மொந்தெல்லோ குடாவின் பக்கமும் தெரியும். கோய்தே உலகத்திலேயே அழகான முனை என்று சொன்னது இந்த மலையைத்தான். என் அம்மாவுக்கு அந்தக் காட்சியில் பெரிய அக்கறை இருக்கவில்லை. இறங்கும் பஸ்ஸில் அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பீலிகளை மாரிக்கு முன்னம் யார் ஏறித் துப்புரவாக்குகிறார்கள் என்று.